38,000 கிலோமீட்டரில் டிபிஎஃப் விளக்கு: டீசல் கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் வாங்க

நொய்யல்கரையான் | திருப்பூர்

வணக்கமுங்க. ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, இன்றைக்கு எழுத வேண்டியதாகிவிட்டது.

2021இல் எடுத்த 1.5 லிட்டர் டீசல் கார், பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தது. எந்தக் கம்பெனி என்று வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதா என்று நூறு பேர் அடித்துக்கொள்வீர்கள், என் வண்டி ஓரமாக நிற்கும். இதுவரை ஓடியது 38,000 கிலோமீட்டர். வாங்கிய புதிதில் மாதம் இரண்டு முறை சென்னை, ஒரு முறை பெங்களூரு. இப்போது சரக்கு வாங்குகிற பையர்களோடு பேச்சுவார்த்தை எல்லாம் வீடியோவிலேயே முடிந்துவிடுகிறது. வண்டிக்கு இருக்கிற வேலை அனுப்பர்பாளையத்து வீட்டிலிருந்து கம்பெனி வரைக்கும்தான், நாலு கிலோமீட்டர். மதியச் சாப்பாட்டுக்கு வந்து போனால் ஒரு நாளைக்குப் பதினாறு.

பத்து நாளைக்கு முன்னால் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு. பெட்டிக்குள் புள்ளி புள்ளியாக இருக்குமே, அது. ஷிப்மெண்ட் நேரம், கண்டுகொள்ளவில்லை. நாலாம் நாள் இன்ஜின் விளக்கும் கூடச் சேர்ந்துகொண்டது. இழுவையே இல்லை, மேம்பாலம் ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது.

சர்வீஸில் பார்த்துவிட்டு, டிபிஎஃப், அதாவது புகையில் வரும் கரியைப் பிடிக்கிற ஃபில்டர், அடைத்துவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்கிறார்கள். ஒன்றரை லட்சத்துச் சொச்சம். வாரண்டி முடிந்து ஏழு மாதம்.

எங்கப்பா ஒரு டீசல் அம்பாசடரை இருபது வருடம் வைத்திருந்தார். ஊருக்கே புகை போடும், ஆனால் வழியில் நின்றதில்லை. அந்த நினைப்பில்தான், 15 வருடமாவது ஓட்டலாம் என்று டீசல் எடுத்தேன். தப்பு வண்டியிடமா, என்னிடமா?

கோவைக்குசும்பு | சிங்காநல்லூர்

உங்களிடம்தான். நாலு கிலோமீட்டருக்கு டீசல் காரா? மளிகைக் கடைக்கு டிராக்டரில் போகிற கதை. விற்றுவிட்டு பெட்ரோல் வண்டியோ மின்சார வண்டியோ பாருங்கள். இழையை மூடிவிடலாம்.

பட்டறைக்காரன் | பெருந்துறை

இழையையும் மூட வேண்டாம், வண்டியையும் விற்க வேண்டாம். சர்வீஸில் சரி என்று தலையாட்டிவிடவும் வேண்டாம். முதலில் எனக்கு இதற்கெல்லாம் பதில் சொல்லுங்க.

ஆயில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தீர்களா? மேல் கோட்டுக்கு எங்கே நிற்கிறது? கடைசியாக ஊற்றிய ஆயில் என்ன? டேங்கில் சாதாரணமாக எவ்வளவு டீசல் வைத்திருப்பீர்கள்? வண்டியை நிறுத்திய பிறகும் முன்னால் ஃபேன் பேய் பிடித்த மாதிரி ஓடியதைக் கவனித்ததுண்டா?

நொய்யல்கரையான் | திருப்பூர்

டிப்ஸ்டிக்கை ஒரு வருடமாகத் தொட்டதே இல்லை. இப்போதுதான் இழுத்துப் பார்த்தேன், மேல் கோட்டைத் தாண்டி அரை விரல். ஆயில் குடிக்கிற வண்டி கேள்விப்பட்டிருக்கிறேன், இது ஆயில் ஊறுகிற வண்டியா? மோந்து பார்த்தால் டீசல் வாடை வேறு.

ஆயில், முதல் சில சர்வீஸ் கம்பெனியில். போன தடவை தெரிந்த இடம் என்று வெளியே மாற்றினேன். 15டபிள்யூ40 டப்பா. லாரிக்கும் அதைத்தான் ஊற்றுகிறார்கள், உங்கள் வண்டி தாங்காதா என்றார்.

டேங்க் விஷயம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஐந்நூறு ரூபாய்க்கு மேல் போட மாட்டேன். நிரப்பி வைத்தால் மச்சினன் சாவியை எடுத்துக்கொண்டு ஊட்டி போய்விடுகிறான். பாதி நாள் ரிசர்வ் விளக்கில்தான் ஓடும்.

ஃபேன், ஆமாம்! வாரத்துக்கு இரண்டு தடவையாவது. ஏசி போட்டதால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டறைக்காரன் | பெருந்துறை

மச்சினனைக் கையெடுத்துக் கும்பிடுங்க. அவர் மாதம் ஒரு தடவை ஊட்டி போயிருந்தால் இந்த விளக்கே எரிந்திருக்காது.

கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்க. டீசல் எரிந்தால் கரி வரும். பழைய வண்டியில் அது அப்படியே சைலன்சர் வழியாக வந்து பின்னால் வரும் பைக்காரர் மூஞ்சியில் அப்பும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 கட்டாயமான பிறகு, அந்தக் கரியை டிபிஎஃப் பிடித்து வைக்கிறது. உள்ளே தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள். ஓர் அறைக்கு வாய் முன்னால் திறந்திருந்தால் அடுத்ததற்குப் பின்னால். புகை சுவரைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே போக முடியும். கரி சுவரில் தங்கிவிடும்.

தங்கியதை எரிக்க வேண்டுமே. நல்ல சாலையில் ஒரே சீராக ஓட்டினால் புகைச் சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துகொண்டிருக்கும். அது போதாதபோது இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர் தானே இறங்கும். சிலிண்டரில் எரிய வேண்டியது எரிந்து முடிந்த பிறகு, கூடுதலாகக் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சும். அது புகையோடு போய் வழியில் எரிந்து, டிபிஎஃப்பின் சூட்டை 600 டிகிரி பக்கம் ஏற்றும். பதினைந்து இருபது நிமிடத்தில் கரி தீரும். இதைத்தான் ரீஜென் என்கிறோம். நடக்கும்போது ஐடில், அதாவது பெடலை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றுகிற வேகம், சற்றே ஏறியிருக்கும், மீட்டரில் மைலேஜ் சட்டென்று சரியும், சூடான இரும்பு வாடை அடிக்கும், ஃபேன் ஓடும்.

உங்கள் வண்டியில் ரீஜென் தொடங்குகிறது, வீடு வந்துவிடுகிறது, நிறுத்திவிடுகிறீர்கள். மறுபடி தொடங்குகிறது, கம்பெனி வந்துவிடுகிறது. கரி தீரவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் ஒட்டி, வழிந்து, கீழே ஆயிலில் கலந்துவிட்டது. ஊறுகிறது என்றீர்களே, அது இதுதான். அந்த விளக்கைக் கண்டு எனக்குப் பயமில்லை, அரை விரல் என்றீர்கள் பாருங்கள், அதுதான் பயம். நீர்த்த ஆயில் டர்போவையும் கிராங்க் பேரிங்கையும் தின்னும். அளவு மீறி ஏறிவிட்டால் இன்ஜின் தன் ஆயிலையே மூச்சுக்குழாய் வழியாக இழுத்து எரிக்கத் தொடங்கும், சாவியை எடுத்தாலும் நிற்காமல் அலறும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பட்டறையில் டீ வாங்கி வந்த பையன் முதற்கொண்டு எல்லாரும் சாலைக்கு ஓடிவிட்டோம். ஆயில் மாற்றும்வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம்.

அப்புறம் அந்த ரிசர்வ் சமாச்சாரம். டேங்கில் டீசல் குறைந்தால் பல வண்டிகளில் கம்ப்யூட்டர் ரீஜெனைத் தொடங்கவே தொடங்காது. இன்ஜின் விளக்கு எரிந்தாலும் அப்படியே. முதல் நாள் மஞ்சள் விளக்கோடு, டேங்கில் டீசலும் வைத்துக்கொண்டு, அவிநாசி தாண்டி பைபாஸில் அரை மணி நேரம் 60, 70இல் ஓட்டியிருந்தால் தானாக அணைந்திருக்கும். நாலு நாள் விட்டதால் காரியம் ஸ்கேனருக்கு வந்துவிட்டது.

மாற்றுவதற்கு முன்னால் சர்வீஸில் இதைக் கேளுங்கள்: கரி எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, இரண்டையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். கரி எரியும், சாம்பல் எரியாது. சாம்பல் வருவது ஆயிலில் கலந்திருக்கும் உலோகச் சேர்மங்களிலிருந்து, அது நிரம்ப வேண்டுமென்றால் வண்டி லட்சக் கணக்கில் கிலோமீட்டர் ஓட வேண்டும். 38,000இல் உங்களுக்கு இருப்பது கரியாகத்தான் இருக்கும். டிபிஎஃப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தம் அளக்கிற சென்சார் ஒன்று உண்டு, அதற்கு இரண்டு ரப்பர் குழாய். அதில் ஒன்று வெடித்திருந்தாலே கணக்கு பொய்யாகிவிடும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கரிதான் என்றால் ஸ்கேனர் வைத்துக் கட்டாய ரீஜென் கொடுக்கலாம். எல்லை மீறிக் கரி சேர்ந்திருந்தால் மட்டும் அதைச் செய்யக்கூடாது, சூடு கைமீறி உள்ளே விரிசல் விட்டுவிடும். அப்போதும் கழற்றிச் சுத்தம் செய்ய வழியுண்டு. மாற்றுவது கடைசிப் பேச்சு.

மூணுலட்சத்தார் | கோபி

பெருந்துறைத் தம்பி சொன்னது பாடம் மாதிரி இருக்கிறது. என்னிடம் டிபிஎஃப் கிடையாது, அதனால் அதில் வாயைக் கொடுக்கவில்லை. 2009 மாடல், அந்த ஃபியட் 1.3 இன்ஜின். மாருதி, டாடா, ஃபியட் என்று நாட்டில் பாதிப் பேர் அதைத்தான் வைத்துக்கொண்டு ஓட்டினோம். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலுக்கே கும்பிடு போட்டுவிட்டது. என்னுடையது 3,40,000 ஓடியாகிவிட்டது. 15 வருடம் முடிந்து ஆர்.சி.யும் புதுப்பித்தாயிற்று. டெல்லிப் பக்கம் 10 வருடக் கட்டுப்பாடு வந்ததை வைத்து இங்கேயும் பத்தோடு சரி என்று யாரோ கிளப்பிவிட்டார்கள், நமக்கு அப்படியில்லை.

டர்போ, வாங்கும்போது வந்ததுதான். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாலு இன்ஜக்டரில் ஒன்றுதான் மாற்றினேன். அந்த ஒன்றும் என் சோம்பேறித்தனத்துக்குக் கட்டிய தண்டம். தோட்டத்தில் டிராக்டருக்கென்று பேரலில் டீசல் வைத்திருப்போம். ஓர் ஐப்பசி மழையில், பவானிக்குப் போக அவசரம், பங்க் வரை போகச் சலிப்பு. பேரலிலிருந்து பத்து லிட்டர் ஊற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இரண்டாம் நாள் டீசலில் தண்ணீர் என்று விளக்கு. தானாக அணையும் என்று ஒரு வாரம் விட்டேன். ஃபில்டருக்கு அடியில் திருகு ஒன்று இருக்கிறதே, அதைத் திறந்தபோது அரை டம்ளர் தண்ணீர் வடிந்தது. அதற்குள் இன்ஜக்டர் ஒன்று தட்ட ஆரம்பித்துவிட்டது.

அன்றிலிருந்து மழைக்காலம் தொடங்கினால் அந்தத் திருகைத் திறந்து பார்த்துவிடுவேன். ஆயில் 7,500க்கு ஒரு தடவை. புத்தகத்தில் 10,000 என்று இருந்தாலும் நம் தோட்டத்து மண் சாலைக்கு அது ஒத்துவராது. இவ்வளவுதான் நான் செய்தது. பெரிய வித்தை ஒன்றுமில்லை.

பட்டறைக்காரன் | பெருந்துறை

கோபி அண்ணா சொன்ன அரை டம்ளருக்கு ஒரு கணக்கு. டயரில் நாம் அடிப்பது 33 பவுண்டு காற்று. இன்ஜக்டர்களுக்கெல்லாம் டீசல் கொடுக்கிற பொதுக் குழாயான காமன் ரெயிலில் டீசல் நிற்கிற அழுத்தம் 1,600இலிருந்து 2,000 பார். அதே பவுண்டுக் கணக்கில் சொன்னால் 23,000இலிருந்து 29,000. அந்த அழுத்தத்தில் இன்ஜக்டருக்குள் ஏறி இறங்குகிற ஊசிக்கு இடைவெளி மைக்ரான் அளவு. அங்கே டீசல்தான் மசகு எண்ணெயும்கூட. தண்ணீர் எங்கே வழவழப்புக் கொடுக்கப் போகிறது? பழைய ஜீப்பில் நாசிலைக் கழற்றித் துடைத்துத் திருப்பி மாட்டினோம். இதில் அந்த வேலை ஆகாது. ஓர் இன்ஜக்டர் மாற்றினால் அதன் தலையில் இருக்கும் எண்ணைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும், அதைச் செய்யாமல் அனுப்பிவிட்ட வண்டிகள் மாதம் ஒன்றாவது என்னிடம் வருகின்றன. ஃபில்டரில் மட்டும் நூறு, இருநூறு மிச்சம் பிடிக்காதீர்கள்.

சங்ககிரிலாரி | சங்ககிரி

லாரிக்கும் அதைத்தான் ஊற்றுகிறார்கள் என்று திருப்பூர்க்காரருக்குச் சொன்ன ஆள் எந்த லாரியைச் சொன்னாரோ. எங்கள் பிஎஸ்6 வண்டிக்கே பழைய ஆயிலை ஊற்றுவதில்லை. டிபிஎஃப் இருந்தால் சாம்பல் குறைவான ஆயில்தான். கார் டப்பாவில் ஏசிஇஏ சி2 அல்லது சி3 என்று போட்டிருக்கும். உங்கள் வண்டிப் புத்தகத்தில் எது இருக்கிறதோ அது.

மற்றபடி எனக்குச் சொல்ல இருப்பது ஓட்டுவதைப் பற்றி. மைலேஜ் வேண்டும் என்று கார்க்காரர்கள் 40இல் ஐந்தாம் கியர் போட்டு, டக்கு டக்கென்று இன்ஜின் கெஞ்சக் கெஞ்சப் போகிறார்கள். ஆர்பிஎம் 1,200இல் பெடலை மிதித்தால் கரிதான் அதிகம் வரும். பிளைவீலும் அடி வாங்கும். இன்றைய கார்களில் பாதிக்கு அது ஸ்பிரிங் வைத்த இரட்டைத் தட்டு பிளைவீல், போனால் கிளட்சோடு சேர்த்துப் பெரிய செலவு. எங்கள் டிரைவர் ஏற்றம் தெரியும்போதே கியரை இறக்கிவிடுவார், இன்ஜின் கேட்கிறவரை காத்திருக்க மாட்டார். 1,500இலிருந்து 2,500க்குள் வைத்து ஓட்டுங்கள், போதும்.

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் உறுமவும் வேண்டாம், பத்து நிமிடம் நிறுத்தியே சூடாக்கவும் வேண்டாம். அரை நிமிடம் விட்டு மெதுவாகக் கிளம்புங்கள். நெடுந்தூரம் ஓட்டி வந்தாலோ மலை ஏறி வந்தாலோ, நிறுத்துமுன் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். டர்போ நிமிடத்துக்கு லட்சத்துக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும். சட்டென்று நிறுத்தினால் அதற்குப் போகும் ஆயில் நின்று, அந்தச் சூட்டில் கருகிவிடும்.

இன்னொன்று, மண்டபத்து வாசலில் ஏசி போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் தூங்குகிற டிரைவர்கள். கிலோமீட்டர் ஏறாது, கரி ஏறும்.

தாராபுரத்தான் | தாராபுரம்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் வண்டி பெரியது, புகையைச் சுத்தம் செய்ய டெஃப் என்கிற திரவம் ஊற்றுகிற டேங்க் தனியாக இருக்கிறது. யூரியாவும் தண்ணீரும்தான் என்கிறார்களே. தோட்டத்தில் நாலு மூட்டை யூரியா சும்மா கிடக்கிறது. கரைத்து ஊற்றினால் என்ன?

கோவைக்குசும்பு | சிங்காநல்லூர்

கூடவே கொஞ்சம் பொட்டாஷும் போடுங்க, கார் நன்றாகக் காய்க்கும்.

சங்ககிரிலாரி | சங்ககிரி

சிரித்தது போதும், இதைச் செய்து பார்த்தவர்களை எனக்குத் தெரியும். தாராபுரத்து அண்ணா, டெஃப்பில் யூரியா 32.5 சதவீதம், மீதி கனிமம் நீக்கிய தண்ணீர். கணக்கு சரிதான். ஆனால் நம் உர யூரியாவில் வேப்பெண்ணெய்ப் பூச்சு இருக்கிறது, 2015இலிருந்து எல்லா மூட்டையும் அப்படித்தான். அது பயிருக்கு நல்லது, புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிஸ்ட்டுக்கு விஷம். அதைப் போர் தண்ணீரில் வேறு கரைத்தால் உப்பு முழுக்க உள்ளே படியும், பீய்ச்சுகிற நாசிலும் போய்விடும்.

டெஃப் கேனையும் வெயிலில் போடாதீர்கள். 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்குவது 35இல் ஆறு மாதம்தான் தாங்கும். நம் ஊர் மோட்டார் ரூம் பங்குனியில் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தேவைக்கு மட்டும் வாங்குங்கள். தவறி டீசல் டேங்கில் டெஃப்பை ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாதீர்கள், டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

தாராபுரத்தான் | தாராபுரம்

நல்ல வேளை கேட்டேன். மூட்டை மக்காச்சோளத்துக்கே போகட்டும்.

தேங்காய்மண்டி | பொள்ளாச்சி

எல்லாரும் டிபிஎஃப், இன்ஜக்டர் என்று பெரிய இடத்திலேயே நிற்கிறீர்கள். எங்கள் பக்கம் வண்டியைக் கெடுப்பது மூன்று: நார்த்தூசி, உப்புத்தண்ணி, எலி.

தென்னைநார் ஆலைப் பக்கம் ஓட்டுகிறவர்கள் ஏர் ஃபில்டரைப் புத்தகத்தில் போட்ட கணக்குக்கு விடாதீர்கள். என்னுடையதை 6,000இல் திறந்தால் மெத்தை மாதிரி இருந்தது. பஞ்சு மில் பக்கம் இருக்கிற திருப்பூர், பல்லடத்துக்காரர்களுக்கும் இதே கதையாகத்தான் இருக்கும். காற்று போதாவிட்டாலும் கரிதான். அடைத்ததைப் பஞ்சர் கடைக் காற்றில் ஊதித் திருப்பி மாட்டுவது எனக்குப் பிடிக்காது, காகிதம் எங்கே கிழிந்தது என்று கண்ணுக்குத் தெரியாது.

கூலண்ட் குறைந்தால் பக்கத்து வீட்டுக் குழாயில் பிடித்து ஊற்றுவது பாவம். சிறுவாணியே ஆனாலும் வேண்டாம். நம் போர் தண்ணியில் குளிக்கிற ஹீட்டர் காயில் என்ன கதியாகிறது என்று கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? அதேதான் ரேடியேட்டருக்குள்ளும். கம்பெனி கூலண்ட், டிஸ்டில்டு வாட்டர், அவ்வளவுதான்.

எலிக்கு வழி தெரிந்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். போன வருடம் ஒரு சென்சார் ஒயரைக் கடித்துவிட்டது. வந்தது இதே இன்ஜின் விளக்குதான். நாற்பது ரூபாய் ஒயர், அதைக் கண்டுபிடிக்க மூன்று நாள்.

ஆசனூர்வழி | சத்தியமங்கலம்

எலிக்குப் பூனைதான். எனக்கு ஒரு சந்தேகம். திம்பம் மலைப்பாதையில் இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும் என்று எங்கள் ஊர் டாக்சிக்காரர் ஒருவர் செய்கிறார். 27 கொண்டை ஊசி வளைவையும் அப்படியே இறங்கிவிடுகிறார். உண்மையா?

பட்டறைக்காரன் | பெருந்துறை

உயிர்தான் மிச்சமாகாது. கியரில் இருக்கும்போது பெடலிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் வண்டி இன்ஜினைச் சுற்றும், கம்ப்யூட்டர் டீசலை அடியோடு நிறுத்திவிடும். ஒரு சொட்டுக்கூடப் போகாது. நியூட்ரலில் விட்டால் ஐடில் ஓட டீசல் வேண்டும். ஆக நியூட்ரல்தான் செலவு. பிரேக் வேறு காய்ந்து, அடிவாரத்துப் பண்ணாரி வருவதற்குள் கருகல் வாடை அடிக்கும். ஏறின கியரிலேயே இறங்குவது என்று பழைய டிரைவர்கள் சொல்வது கார்களுக்கும் அப்படியே பொருந்தும்.

கோவைக்குசும்பு | சிங்காநல்லூர்

எல்லாம் சரி, என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நாலு வருடத்தில் 38,000 என்றால் வருடத்துக்கு 9,500. பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 14 கொடுத்தால் 680 லிட்டர், டீசல் 19 கொடுத்தால் 500. லிட்டர் 100, 92 என்று வைத்தால் வருடத்துக்கு மிச்சம் 22,000. டீசல் மாடலுக்கு வாங்கும்போது கூடக் கொடுத்த லட்சச் சொச்சத்தைத் திரும்ப எடுக்கவே ஐந்து, ஆறு வருடம். நடுவில் இப்படி ஒரு டிபிஎஃப் செலவு வந்தால் கணக்கு குப்புறக் கவிழ்ந்தது. இதில் என்ன தப்பு?

மூணுலட்சத்தார் | கோபி

கணக்கில் தப்பில்லை தம்பி. புதிதாக வாங்கப் போகிறவருக்கு இதையேதான் நானும் சொல்வேன், ஊருக்குள்ளேயே சுற்றுவதென்றால் டீசல் பக்கம் போகாதே என்று. ஆனால் இவர் வாங்கிவிட்டார். இன்றைக்கு விற்றால் அந்த விளக்கைக் காட்டியே இரண்டு லட்சம் அடித்துக் கேட்பார்கள். ஏழு வருடம் வைத்திருக்கப் போகிறவருக்கு ஒரு கணக்கு, பதினைந்து வருடம் வைத்திருக்கப் போகிறவருக்கு வேறு கணக்கு.

கோவைக்குசும்பு | சிங்காநல்லூர்

அதை ஒத்துக்கொள்கிறேன். பதினைந்து வருடம் ஒரே காரை வைத்திருக்கிற பொறுமை எனக்கில்லை.

வேகத்தடை | ஈரோடு

இவ்வளவு எதற்கு? எங்கள் பக்கம் ஒருவர் டிபிஎஃப்பை வெட்டித் திறந்து உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு மூடி வெல்டிங் வைத்துத் தருகிறார். கம்ப்யூட்டரிலும் மாற்றிவிடுவார். இருபதாயிரம். ஜென்மத்துக்கும் விளக்கு வராது.

பட்டறைக்காரன் | பெருந்துறை

என்னிடமும் வாரத்துக்கு ஒருவர் கேட்கிறார். செய்வதில்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு சொல்கிறது. வாரண்டியும் போச்சு. அதெல்லாம் இருக்கட்டும், அந்தக் கரி எங்கே போகும்? நம் பிள்ளைகள் ஸ்கூல் வேனுக்குக் காத்து நிற்கிற அதே சாலையில்தான்.

நொய்யல்கரையான் | திருப்பூர்

எல்லாருக்கும் நன்றிங்க. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பெருந்துறை அண்ணா சொன்னபடி கரியையும் சாம்பலையும் தனித்தனியாகக் கேட்டேன். கவுண்டரில் இருந்த பையன் முழித்தான், உள்ளேயிருந்து வயதான மெக்கானிக் ஒருவர் வந்து ஸ்கேனரைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் சொற்பம். கரி எல்லைக்குக் கொஞ்சம் கீழே. ரப்பர் குழாய் இரண்டும் நன்றாக இருந்தன. அப்படியானால் ஏன் மாற்றச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, எஸ்டிமேட் போட்டவர் லீவு என்றார்கள்.

புது ஆயில், ஃபில்டர், டேங்கில் பாதிக்கு மேல் டீசல். அப்புறம் வெளியே காலி இடத்தில் நிறுத்திக் கட்டாய ரீஜென். கீழே காய்ந்த புல் இருக்கிறதா என்று அந்த மெக்கானிக் குனிந்து பார்த்தது எனக்குப் பிடித்தது. எங்கள் தோட்டத்தில் சோளத்தட்டுப் போர் பக்கத்தில் எத்தனை தடவை சூடாக நிறுத்தியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. மறுபடி ஒரு தடவை ஆயில் மாற்றினார்கள், ரீஜெனில் கலந்திருக்கும் என்று. எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரத்துக்குள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் பெருமாநல்லூர் தாண்டி பைபாஸில் ஏறி, செங்கப்பள்ளியில் திரும்பிவிடுகிறேன். அதற்கு மேல் போனால் விஜயமங்கலம் டோல். அப்பா கூட வந்தால் காங்கயம் சாலையில் சிவன்மலை. சும்மா டீசலை எரிப்பானேன், மலையேறி முருகனையாவது பார்த்துவிட்டு வரலாம் என்கிறார். கம்பெனிக்கு ஸ்கூட்டர்.

மூணுலட்சத்தார் | கோபி

மச்சினன்?

நொய்யல்கரையான் | திருப்பூர்

டேங்க் நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டான். அடுத்த சனிக்கிழமை வால்பாறையாம். போய் வா என்று நானே சாவியைக் கொடுத்தேன், அவனுக்கு ஒரே சந்தேகம், என்னமோ நடக்கிறது என்று.

பட்டறைக்காரன் | பெருந்துறை

நல்லது. டைமிங் பெல்ட்டா செயினா என்று புத்தகத்தில் ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் என்றால் அதற்கு வயதும் உண்டு, கிலோமீட்டரும் உண்டு. உங்களைப் போலக் கொஞ்சமாக ஓட்டுகிறவர்களுக்கு வயதுதான் முதலில் வரும். டிப்ஸ்டிக்கை மாதம் ஒரு தடவை.

நொய்யல்கரையான் | திருப்பூர்

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். விளக்கு வரவில்லை. டிப்ஸ்டிக்கை முதல் தேதியில் பார்க்கிறேன், கோட்டுக்குள்தான் இருக்கிறது. மோந்தும் பார்க்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள்.

நேற்று ஊத்துக்குளி பக்கம் ஒரு கல்யாணம். மண்டபத்து வாசலில் வண்டியை நிறுத்தி எல்லாரையும் இறக்கிவிட்டேன். ஐடில் ஆயிரத்தில் நிற்கிறது, ஃபேன் ஓடுகிறது, அந்தச் சூட்டு வாடை. முன்பென்றால் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருப்பேன். வண்டியைத் திருப்பி பைபாஸுக்கு விட்டு, இருபது நிமிடம் ஓட்டி, ஐடில் இறங்கிய பிறகுதான் வந்தேன். பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கோவைக்குசும்பு | சிங்காநல்லூர்

பெட்ரோல் கார்க்காரர்கள் எல்லாரும் முதல் பந்தியிலேயே சாப்பிட்டிருப்பார்கள்.

நொய்யல்கரையான் | திருப்பூர்

தயிர்சாதமும் அப்பளமும் கிடைத்ததுங்க.